இரண்டும் நல்லதாக இருக்கும்போது எதைத் தெரிவு செய்வது?

வாழ்க்கையில் உங்களுக்கு எவை முக்கியம் என்று கேட்டால், என்னிடம் வருபவர்களில் அநேகம் பேர் யோசிக்காமலே எழுதித் தருவது குடும்பம், நேர்மை, பக்தி. சரி. ஆனால் அந்தப் பட்டியலை மட்டும் வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. நேர்மையா களவா என்று குழம்பி யாரும் உளவளத்துணைக்கு வருவதில்லை. நல்லதும் நல்லதும் முட்டிக்கொள்ளும்போதுதான் வருகிறார்கள்.

உளவியலாளர் ஷாலோம் ஷ்வார்ட்ஸ் 1992இல் பத்து அடிப்படை விழுமியங்களை ஒரு வட்டமாக அடுக்கிக் காட்டினார். அருகருகே இருப்பவை ஒத்துப்போகும், எதிரெதிரே இருப்பவை இழுபடும். பாதுகாப்பும் மரபும் ஒரு பக்கம். சுயமாகத் தீர்மானிப்பதும் புதியதைத் தேடுவதும் எதிர்ப்பக்கம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கொழும்பில் நான் அதிகம் கேட்கும் ‘வெளிநாடு போறதா, இங்கேயே இருக்கிறதா’ என்ற கேள்வி அந்த வட்டத்துக்குக் குறுக்காகத்தான் ஓடுகிறது.

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் வந்தார் (விவரங்களை மாற்றியிருக்கிறேன்). வங்கி வேலை, கையில் கனடா விசா, மூன்றாம் மாடி ஃபிளாட்டில் தனியாக அம்மா. “குடும்பம்தான் முதல், மிஸ்” என்றார். அம்மாவும் குடும்பம், பிள்ளையும் குடும்பம். போன மாத வங்கிக் கணக்கையும் போனில் உள்ள கலண்டரையும் திறந்து, காசும் நேரமும் எங்கே போயிருக்கின்றன என்று பார்க்கச் சொன்னேன். காசு பிள்ளையின் டியூஷனுக்கு. லீவு போட்ட நாளெல்லாம் அம்மாவின் கிளினிக்குக்கு. “வேற ஆராவது கூட்டிக்கொண்டு போனால் எனக்கு மனம் ஆறாது” என்றார். கனடா ஏன் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எல்லாரும் போகினம்தானே” என்றார்.

அவர் போகவில்லை. இதே கணக்குப் பார்த்த இன்னொருவர் பிள்ளைக்காகப் போனார். அதுவும் சரிதான், போனவரைக் குறைசொல்லும் நம் ஊர்ப் பழக்கம் எனக்குப் பிடிக்காது.

பிள்ளைக்கு உயர்தரத்தில் உயிரியலா வணிகமா, சொந்தக்காரருக்குக் கடன் கொடுப்பதா என்பவற்றுக்கும் இதே வழி உதவும். கூடவே, ‘இதற்காக எதை விட்டுக்கொடுப்பேன்?’ என்றும் கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் அந்த விருப்பம் இரவலாக இருக்கலாம்.

நித்திரை இல்லை, சாப்பாட்டில் மனமில்லை என்று வாரக்கணக்கில் இருப்பவர்களுக்கு இந்தப் பயிற்சி இப்போது வேண்டாம். பெரிய முடிவுகளைத் தள்ளிப்போட்டு முதலில் வைத்தியரைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.