‘திறனற்ற தொழிலாளர்’ என்று ஒருவர் உண்டா?

மாவட்டத் திறன் மேம்பாட்டுத் திட்டம், வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு, குறைந்தபட்சக் கூலி பற்றிய செய்தி என்று எதைத் தமிழில் எடுத்தாலும் ‘திறனற்ற தொழிலாளர்’ வந்து நிற்கிறார். சில செய்திகளில் அவர் ‘திறமையற்ற தொழிலாளர்’ ஆகிவிடுகிறார். ஊனமுற்றோர் என்ற சொல் புண்படுத்துகிறது என்று மாற்றுத்திறனாளி என எழுதப் பழகிக்கொண்ட அதே அரசுத் தமிழ்தான், நாள் முழுக்கச் சுமை தூக்குகிறவரைத் திறனற்றவர் என்று கூசாமல் எழுதுகிறது. கேட்டால், ஆங்கிலத்தில் ‘அன்ஸ்கில்டு’ என்றுதானே இருக்கிறது என்பார்கள். ‘அன்’ கண்ட இடமெல்லாம் ‘அற்ற’ போட்டால் வேலை முடிந்தது என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கில ‘ஸ்கில்’, ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து போனது. அங்கே அதற்குப் பிரித்தறிதல், வேறுபாடு காணுதல் என்று பொருள். கைவேலை நயம் என்ற பொருள் ஆங்கிலத்தில் பிறகு ஏறியது. நம் ‘திறன்’, ‘திறம்’ என்பதன் போலி வடிவம்; அறம் அறன் ஆனது போல. திறம் என்றால் வகை, கூறு, தன்மை, வலிமை. ‘திறனறிந்து சொல்லுக சொல்லை’ (குறள் 644) என்ற இடத்தில் கேட்பவரின் தன்மையை அறிந்து பேசு என்று பொருள். ‘திறனல்ல தற்பிறர் செய்யினும்’ (157) என்ற இடத்தில் திறனல்ல என்றால் தகாதவை. வள்ளுவர் கண்ணால் பார்த்தால் திறனற்ற தொழிலாளர் என்பவர் முறைகேடான ஆள் ஆகிவிடுவார். பள்ளி இயற்பியலிலோ திறனின் அலகு வாட். குதிரைத்திறன் என்று எழுதுகிறோம். இலங்கையில் அதற்கு வலு, பரிவலு என்று வைத்துக்கொண்டு தப்பித்துக்கொண்டார்கள்.

இத்தனை பொருள் சுமக்கும் சொல்லை இன்னொரு பொருளுக்கும் கொடுத்தது பெரிய குற்றமில்லை. ‘தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம்’ என்ற பெயரில் எனக்குச் சண்டை கிடையாது. ‘அற்ற’ சேரும்போதுதான் வினை. திறன் என்பது தமிழ்க் காதுக்கு ஆளுக்குள் இருக்கும் ஒன்று. திறமை இன்னும் உள்ளே இருப்பது. ‘அவன் திறமைசாலி’ என்றால் பிறவிக் குணத்தைச் சொல்கிறோம், சான்றிதழைச் சொல்லவில்லை. ஆகவே திறனற்றவர் என்றதும் ஒன்றுக்கும் உதவாதவர் என்றுதான் கேட்கிறது.

சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை என்பதுதான் வேடிக்கை. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948 இல் வந்தது. அதன்கீழ் மத்திய அரசு வெளியிட்டுவந்த கூலி ஆணைகளில் உள்ள விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். ‘அன்ஸ்கில்டு வேலை’ என்றால், செய்பவருக்குக் கைத்திறனோ முன்பழக்கமோ அதிகம் தேவைப்படாத எளிய செயல்களைக் கொண்ட வேலை. ‘செமி ஸ்கில்டு’ என்றால், அந்த வேலையிலேயே பழகிப் பெற்ற ஓரளவு கைப்பழக்கம் வேண்டும், மேலே ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். ‘ஸ்கில்டு’ என்றால், வேலையில் பழகியோ தொழிற்பயிற்சி பெற்றோ வந்த தேர்ச்சியும், தானே முடிவெடுக்கும் நிதானமும் வேண்டும். மூன்று வரியிலும் எழுவாய் வேலைதான். தரம் பிரிப்பது வேலையை, ஆளை அல்ல. பொறியியல் படித்துவிட்டுச் சரக்கு ஏற்றுகிற இளைஞர் செய்வது முதல் வகை வேலை. அதற்காக அவர் திறனற்றவர் ஆகிவிடுவாரா? மொழிபெயர்ப்பாளர் அடைமொழியை வேலையிலிருந்து கழற்றித் தொழிலாளியின் கழுத்தில் மாட்டிவிட்டார்.

மாற்று என்று வந்தவையும் உருப்படியாக இல்லை. ‘திறன் சாரா உடலுழைப்பு’ என்பது ஊரக வேலை உறுதித் திட்டத்தால் பரவியது. ‘அற்ற’வைவிட இது நாகரிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வரப்பு கட்டி, கரை சரித்து, மண்ணை நீர் அடித்துப் போகாமல் அணைக்கத் தெரிந்தவரிடம் ‘உன் உழைப்பு திறன் சாராதது’ என்று சொல்லிவிட்டு ஊருக்குள் நடமாட முடியாது. ‘அரைத் திறன்’ இன்னும் மோசம். அரைகுறை என்று நேராகவே சொல்லிவிடலாம். ‘பகுதித் திறன்’ என்று எழுதுகிறவர்களுக்கு எந்தப் பகுதி என்று விளக்கும் கடமை இருக்கிறது. ‘ஹைலி ஸ்கில்டு’ என்ற உச்சப் படிக்கு ‘உயர்திறன்’ என்றாலோ மோட்டார் பம்பு விளம்பரம் நினைவுக்கு வருகிறது. இலங்கைத் தமிழில் பயிற்றப்பட்ட, பயிற்றப்படாத என்று எழுதுவோர் உண்டு. இவற்றுள் மரியாதையானது அதுதான். ஆனால் அதிலும் ஒரு ஓட்டை: பயிற்சி வேறு, தேர்ச்சி வேறு. இந்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பே இதைப் பிரித்துத்தான் கேட்கிறது. நிறுவனத்தில் முறையாகப் பயின்றவரா, பரம்பரையாகக் கற்றவரா, தானே கற்றவரா, வேலை செய்துகொண்டே கற்றவரா என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. எந்த நிறுவனமும் பயிற்றாமல் அப்பாவிடம் உளி பிடித்தவர் அந்தக் கணக்கில் தொழில் கற்றவராகவே பதிவாகிறார். தமிழாக்கத்துக்கு வந்ததும் ‘முறையான பயிற்சி இல்லாதோர்’ எப்படியோ ‘திறனற்றோர்’ ஆகிவிடுகிறார்கள். மாவட்டத்தின் கைத்தொழில் அறிவு முழுவதும் ஒரே சொல்லில் காணாமல் போகிறது.

திருப்பூரைப் பாருங்கள். பனியன் தொழிலில் சங்கங்களும் முதலாளிகளும் போட்டுக்கொள்ளும் சம்பள ஒப்பந்தத்தில் கட்டிங், டெய்லர், அயர்னிங், பேக்கிங், செக்கிங், லேபிள், கைமடி, டேமேஜ் என்று வேலையின் பெயரில்தான் கூலி எழுதப்படுகிறது. திறன் என்ற பேச்சே இல்லை. கைமடியில் இருக்கும் பெண்ணுக்குக் கூலி குறைவு. அது நியாயமா என்பது தனிச் சண்டை. ஆனால் அவரைத் திறனற்றவர் என்று அந்தத் தாள் சொல்வதில்லை. கட்டட வேலையிலும் அப்படித்தான். சிற்றாள்தான் சித்தாள்; அதாவது சிறிய ஆள். சில ஊர்களில் அடுத்த படி நிமிந்தாள், நிமிர்ந்த ஆள். பிறகு கரணை பிடிக்கும் கொத்தனார், அவருக்கு மேலே மேஸ்திரி. ஆளின் வளர்ச்சிப் படியையே பெயராக வைத்த மொழிக்கு ‘அரைத் திறன்’ கடன் வாங்க வேண்டிய அவசியம் என்ன?

தனித்தமிழ் வேண்டும் என்பதில் எனக்கும் பிடிவாதம் உண்டு. அதற்காகத் தொழிற்பயிற்சி நிலையத்தில் பொருத்துநர், கடைசலர், கம்மியர் என்று பலகை எழுதிவிட்டு, பட்டறையில் பிட்டர், டர்னர், மெக்கானிக் என்று கூப்பிடுகிறவரைப் பார்த்து முகம் சுளிக்கிற தமிழ்ப்பற்று எனக்கு ஒத்துவராது. பட்டறைக்காரர் சொல்லில் பிழை இல்லை. பிழை முழுவதும் மேசைக்காரர் சொல்லில்.

இனி ‘தகுதி’. திறன் அளவோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு வருவது இது. இந்தியாவில் சான்றுகளைப் படிப்படியாக அடுக்கும் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு 2013 இல் வந்தபோது 10 நிலைகள் வைத்தது. 2023 திருத்தத்தில் அது 8 ஆகி, இடையில் இரண்டரை, மூன்றரை என்று அரை நிலைகளும் முளைத்தன. எண் இருக்கிறவரை தொல்லை இல்லை. ‘குறைந்த தகுதி உடையோர்’ என்று விரித்து எழுதும்போது மறுபடியும் அதே அவமதிப்பு. குறள் 111 இல் தகுதி என்றால் நடுவுநிலைமை. இன்றைய வழக்கில் தகுதியற்றவர் என்றால் போட்டியிலிருந்து விலக்கப்பட்டவர். பத்தாம் வகுப்போடு நின்றவர் இந்த இரண்டில் எதுவும் இல்லை. இலங்கையில் தேசிய தொழிற்றகைமை என்று 7 மட்டங்கள் வைத்திருக்கிறார்கள். நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்கு இணை. தகைமை என்றால் படித்துப் பெற்ற சான்று, தகுதி என்றால் விண்ணப்பிக்கும் உரிமை என்று அங்கே இரண்டும் பிரிந்து நிற்கின்றன. ‘தாளாண்மை என்னும் தகைமைக்கண்’ (613) என்று உழைப்போடு சேர்ந்தே வந்த சொல் அது. நாம் எடுத்துக்கொள்ளக் கூச வேண்டாம். எடுக்கும்போது ‘தொழிற் தகைமை’ என்று உடைத்து எழுதாமல் இருந்தால் சரி. ல்லும் தவ்வும் சேர்ந்தால் ற்ற.

அப்படியானால் ஸ்கில்லுக்கு எது? கைதேர்ந்த கொத்தனார், கைதேர்ந்த தச்சர் என்று பேச்சில் ஏற்கெனவே சொல்கிறோம். தேர்தல் என்றால் ஆராய்ந்து பிரித்தறிதல். நார்ஸ் மூலத்தின் பொருளும் அதுவே. கைத்தேர்ச்சி என்று வைத்தால், பழகி வருவது என்ற குறிப்பும் உடன் வரும். தேர்ச்சி என்றால் பரீட்சையில் பாஸ் ஆவதல்லவா என்று ஆட்சேபம் வரும். அதனால்தான் ‘கை’யை விடக் கூடாது என்கிறேன். கணினி வேலைக்கும் கையா என்பவருக்கு: ‘கைவந்த கலை’ என்று பாட்டுக்கும் பேச்சுக்கும் சொல்கிறோமே.

வகைகளுக்கு, அடைமொழியை வேலைக்கே திருப்பிக் கொடுத்து எளிய பணி, பழகுபணி, கைத்தேர்ச்சிப் பணி என்று எழுதலாம். உச்சப் படிக்கு முதுதேர்ச்சிப் பணி என்று நினைக்கிறேன். அதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் விட்டுக்கொடுக்கத் தயார். ‘மாவட்டத்தில் திறனற்ற தொழிலாளர் அதிகம்’ என்ற வரியை ‘மாவட்டத்தில் எளிய பணிகளில் இருப்போரே அதிகம், அவர்களில் பலரிடம் தொழிற்றகைமைச் சான்று இல்லை’ என்று எழுதினால் நீளம் கூடும்தான். ஆனால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது கலெக்டர் அலுவலகத்துக்கு அதிலேயே தெரிந்துவிடும்: பாதிப் பேருக்கு வேறு வேலை வேண்டும், மீதிப் பேருக்கு ஏற்கெனவே தெரிந்த தொழிலுக்கு ஒரு சான்று வேண்டும்.