"படிக்கத்தான் பார்க்கிறேன், டாக்டர்!"

ஞாபக சக்திக்கு மாத்திரை கேட்டு வருகிறவர்கள் முன்பெல்லாம் அறுபதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள். இப்போது இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள். வல்லாரை மாத்திரை ஏற்கெனவே சாப்பிட்டுப் பார்த்திருப்பார்கள். சிலர் யாரும் எழுதித் தராமலே தலைக்கு ஸ்கேன் எடுத்து, அந்தப் பெரிய உறையைக் கையில் பிடித்தபடி வருவார்கள். அதில் ஒன்றும் இருக்காது. பெரும்பாலும் குரூப் 4, குரூப் 2, எஸ்.ஐ. தேர்வு என்று ஏதோ ஓர் அரசு வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர்கள்.

போன வாரம் ஒரு பெண் தன் அம்மாவோடு வந்தார். இரண்டு முறை குரூப் 4 எழுதி, கட் ஆஃபுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. "படிச்சது ஒண்ணுமே நிக்க மாட்டேங்குது டாக்டர்" என்று அழுதார். போன் பேச்சை எடுத்ததும் அம்மா முந்திக்கொண்டார்: "எம் பொண்ணு ரீல்ஸெல்லாம் பாக்கவே மாட்டா டாக்டர்." அது உண்மைதான். அந்தப் பெண்ணிடம் கேட்டு, போனில் எந்தச் செயலிக்கு ஒரு நாளில் எவ்வளவு நேரம் போகிறது என்று திறந்து பார்த்தோம். யூடியூப் ஆறரை மணி நேரம், டெலிகிராம் ஒன்றரை மணி நேரம். அத்தனையும் வகுப்பு வீடியோக்கள், நடப்பு நிகழ்வுகள், தேர்வில் ஜெயித்தவர்களின் பேட்டிகள். சினிமா இல்லை, பாட்டு இல்லை. "படிக்கத்தான் பார்க்கிறேன், டாக்டர்!" என்றார். இதே வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நோட்டிஃபிகேஷன் கவனத்தைக் கலைக்கும், ராத்திரி போன் பார்த்தால் தூக்கம் கெடும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதை நான் விளக்கப் போவதில்லை. ஆனால் "வீணானதைப் பார்த்தால்தான் நேரம் போகும், பயனுள்ளதைப் பார்த்தால் அது படிப்புக் கணக்கில் சேரும்" என்ற நினைப்பு இருக்கிறதே, அது இந்தப் பிள்ளைகளின் ஆண்டுகளைத் தின்கிறது. ரீல்ஸ் பார்க்கிறவனுக்காவது நேரத்தை வீணாக்குகிறோம் என்ற உறுத்தல் இருக்கும். எட்டு மணி நேரம் வகுப்பு வீடியோ பார்த்தவருக்கு உழைத்துவிட்ட நிம்மதி வந்துவிடுகிறது. அந்த நிம்மதிதான் ஆபத்து.

பார்க்கும்போது எல்லாம் புரியும். புரிய வைப்பதுதானே அந்த ஆசிரியரின் வேலை? எதை முதலில் சொல்வது, எதை எதோடு கோப்பது, எங்கே நிறுத்திக் கேள்வி கேட்பது என்பதையெல்லாம் அவரே செய்துவிடுகிறார். கேள்வி கேட்டு மூன்று நொடியில் விடையையும் அவரே சொல்கிறார். நீங்கள் தலையாட்டுகிறீர்கள். கூட்டு வட்டிக் கணக்கை அவர் பலகையில் போட்டு முடித்தால் நீங்களே போட்டது போல இருக்கும். வீடியோவை நிறுத்திவிட்டு, வெற்றுத்தாளில் அதே கணக்கை எண்களை மாற்றிப் போடச் சொல்லிப் பாருங்கள். என் அறையில் இதைச் செய்யச் சொன்னால் பலருக்கு இரண்டாவது வரியிலேயே பேனா நின்றுவிடுகிறது. அவர்களுக்கு மறந்து போகவில்லை. அது மனதில் ஏறவே இல்லை.

இதை நான் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. 2006-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரு பாடப்பகுதியை நான்கு சுற்றுகள் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றுகளிலும் நினைவிலிருந்ததை வெற்றுத்தாளில் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள்: 83 விழுக்காடு, 71 விழுக்காடு. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தலைகீழ். படித்தவர்களுக்கு 40 விழுக்காடு மிஞ்சியது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இன்னொன்றையும் கவனியுங்கள். தனக்கு நன்றாக நினைவிருக்கும் என்று முதல் குழுதான் அதிகம் நம்பியது. புத்தகத்தைக் கையில் வைத்துத் திரும்பப் படித்ததற்கே இந்தக் கதி என்றால், 1.5 வேகத்தில் ஓடும் வீடியோவைப் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பதைப் படிப்பு என்று எப்படிச் சொல்வது?

வீட்டு வேலை, குழந்தை, மாமியார் என்று எல்லாவற்றுக்கும் நடுவே படிக்கும் பெண்களுக்கு இது கடுமையாகப் படலாம். காதில் எதையாவது ஓட விட்டால் ஏதாவது ஏறாதா என்ற தவிப்பு எனக்குப் புரிகிறது. நாள் முழுக்கக் காதில் ஓடுவதைவிட, பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு எழுதிப் பார்க்கும் முக்கால் மணி நேரம் உங்களுக்கு உதவும். அந்த முக்கால் மணி நேரத்தை வீட்டில் சண்டை போட்டாவது வாங்குங்கள்.

குரூப் 4 தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். 200 வினா, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். பாதி, அதாவது 100 வினா தமிழ். அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். தரம் பத்தாம் வகுப்பு. ஆறிலிருந்து பத்து வரையிலான பாடநூல் கழகப் புத்தகங்கள் வீட்டில் இருக்கின்றனவா என்று கேட்டால், "பி.டி.எஃப். இருக்கு" என்கிறார்கள். டெலிகிராமில் இறக்கிய மெட்டீரியல் போன் நினைவகம் நிரம்பும் அளவுக்கு இருக்கிறது. திறந்து பார்த்தது கால்வாசிகூட இராது. நடப்பு நிகழ்வுகள் பொது அறிவின் 75 வினாக்களில் ஒரு பகுதிதான். அதற்குத் தினமும் இரண்டு மணி நேரம் வீடியோ பார்க்கிறார்கள். தேர்வு முடிந்த பிறகும் விடுவதில்லை. ஆன்சர் கீ, எதிர்பார்க்கப்படும் கட் ஆஃப், காலிப் பணியிடம் கூடுமா என்று முடிவு வரும்வரை மாதக் கணக்கில் அதே சேனல்கள். அந்தக் காலத்தில் அடுத்த தேர்வுக்கு ஒரு பாடமே முடித்திருக்கலாம்.

தகவல் பெருகப் பெருக அது மனிதனின் கவனத்தைத் தின்றுவிடும் என்று பொருளியல் அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971-லேயே எழுதினார். நல்ல தகவல், கெட்ட தகவல் என்று அவர் பிரிக்கவில்லை. கவனத்தைத் தின்பதில் இரண்டும் ஒன்றுதான்.

இடையில் என் துறை சார்ந்து ஒரு வார்த்தை. "டோபமைன் டீடாக்ஸ்" செய்வதாகச் சொல்லி ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு வருகிறார்கள். அதையும் ஏதோ வீடியோ பார்த்துத்தான் செய்கிறார்கள். டோபமைன் மூளையில் சுரக்கும் ஒரு வேதிப்பொருள், உடம்பிலிருந்து வெளியேற்ற வேண்டிய நஞ்சல்ல. பார்க்கின்சன் நோயில் அது குறைந்து போவதால்தான் மருந்தே கொடுக்கிறோம். தயவுசெய்து இந்தப் பட்டினியை விடுங்கள். இன்னொன்று, "போன் அடிமைன்னு எழுதிக் கொடுங்க டாக்டர், அப்பதான் பயப்படுவான்" என்று கேட்கும் பெற்றோர்களுக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 நோய்ப் பட்டியலில் வீடியோ கேம் விளையாட்டுக் கோளாறு இருக்கிறது, யூடியூப் பார்ப்பது இல்லை. மறதி என்று வருகிறவருக்கு முதலில் ரத்தசோகை, தைராய்டு, பி12, தூக்கம், மனச்சோர்வு இவற்றைத்தான் பார்ப்போம். முத்திரை குத்துவதற்காக என்னிடம் அழைத்து வராதீர்கள்.

என்ன செய்யலாம்? படிக்கும்போது போன் வேறு அறையில் இருக்கட்டும். மேசையில் கவிழ்த்து வைப்பது போதாது, சைலன்ட்டில் போட்டுச் சட்டைப்பையில் வைப்பதும் போதாது. யூடியூபில் பார்வை வரலாற்றை அழித்துவிட்டு, பதிவாகாமல் நிறுத்தி வையுங்கள். முகப்பில் அது உங்களுக்காக அடுக்கி வைக்கும் வீடியோக்கள் நின்றுவிடும். தானாக அடுத்த வீடியோ ஓடுவதையும் நிறுத்துங்கள். டெலிகிராம் குழுக்களில் மாதிரித் தேர்வு நடத்தும் ஒரே ஒரு டெஸ்ட் பேட்ச் போதும், மற்றவற்றிலிருந்து இன்றே வெளியேறுங்கள். எதையும் தவற விட மாட்டீர்கள். அறிவிப்பு வந்தால் தேர்வாணையத்தின் இணையதளத்தில் இருக்கும். நடப்பு நிகழ்வுக்கு ஒரு நாளிதழ், அரை மணி நேரம்.

வீடியோவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வரிசையை மாற்றுங்கள் என்கிறேன். முதலில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாட்டிக்கொண்டால் அந்த ஒரு கணக்கை மட்டும் தேடிப் பாருங்கள். மூடிவிட்டு மறுபடி தாளில் போடுங்கள். எழுதிப் பார்க்காத வீடியோவை அன்றைய படிப்பு நேரத்தில் சேர்க்கக் கூடாது. இந்த ஒரு விதியில் மட்டும் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை. உங்கள் படிப்பு நேரக் கணக்கு சட்டென்று பத்து மணி நேரத்திலிருந்து இரண்டுக்கு இறங்கும். மனசு வலிக்கும். வலிக்கட்டும், அந்த இரண்டைத்தான் நாம் நான்காக்க வேண்டும்.

வாரம் ஒரு நாள் மூன்று மணி நேரம், ஓ.எம்.ஆர். தாளில், போன் இல்லாமல் 200 வினாவையும் எழுதுங்கள். கடைசியாக எப்போது மூன்று மணி நேரம் போனைத் தொடாமல் விழித்திருந்தீர்கள் என்று கேட்டால் பலரும் யோசிக்கிறார்கள். அந்தப் பழக்கமே இல்லாமல் தேர்வறையில் போய் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் மனம் அலையத்தான் செய்யும். வீட்டில் முடியாவிட்டால் மாவட்ட மைய நூலகத்துக்குப் போங்கள். மதுரைக்காரர்களுக்கு 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அங்கேயும் போய் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்காராதீர்கள், கண்ணு. முதல் சில நாள் கை தானாகப் போனைத் தேடும். எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்து உட்காருங்கள்.

பெற்றோர்களே, போனைப் பிடுங்கி உடைக்காதீர்கள். விண்ணப்பம், ஹால் டிக்கெட், ஓ.டி.பி. எல்லாமே அதில்தான் வருகிறது. பிள்ளை படிக்கிற நேரத்தில் கூடத்தில் செய்தி விவாதத்தைச் சத்தமாக வைக்காதீர்கள், அது போதும். "இன்னும் எத்தனை வருஷம்டா?" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் காதில் எதையாவது மாட்டிக்கொள்கிறார்கள்.

இத்தனையும் செய்த பிறகும் புத்தகத்தைத் திறக்கவே முடியவில்லை, தூக்கம் இல்லை, பசி இல்லை, எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுகிறது என்றால், அது போன் பிரச்சினை அல்ல, படிப்புப் பிரச்சினையும் அல்ல. அதற்கு மருத்துவம் இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. புற நோயாளிச் சீட்டு வாங்கிக்கொண்டு நேராக வாருங்கள். அடுத்த தேர்வு முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள்.