மகளுக்கும் பங்கு உண்டு: விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்

அப்பாவுக்குக் கருமாதி முடிந்த கையோடு டெல்டா கிராமங்களில் ஒரு பேச்சு கிளம்பும். "பட்டா மாத்தணும்மா, ஒரு கையெழுத்துதான், வந்துட்டுப் போயிடு." அண்ணன் கூப்பிடுகிறார், தங்கை பஸ் ஏறி வருகிறார். சார் பதிவாளர் அலுவலகத்தில் அவர் கையெழுத்துப் போடுவது பட்டா மனுவில் அல்ல, தன் பங்கை அண்ணனுக்கு விட்டுத்தரும் விடுதலைப் பத்திரத்தில். பட்டா மாற்ற மகள் எதையும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. வாரிசுச் சான்றை வைத்து எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப்பட்டா வாங்கலாம். இந்த ஒரு விவரம் தெரியாமலே பங்கை விட்டவர்கள் நிறைய.

சட்டம் என்ன சொல்கிறது? 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அது தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது வருஷம் ஆனது. 1989 மார்ச் 25 முதல் பூர்வீகச் சொத்தில் மகளும் பிறப்பாலேயே பங்காளி. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களை அந்தச் சட்டம் சேர்க்கவில்லை. இன்றைக்கும் டீக்கடை வக்கீல்கள் "எண்பத்தொன்பதுக்கு முன்னாடி கட்டிக் குடுத்த பொண்ணுக்குப் பங்கு கிடையாது" என்பார்கள். அது பழைய கதை. 2005 செப்டம்பர் 9-ல் அமலுக்கு வந்த, மத்திய இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் திருத்தம் கல்யாணத் தேதியைப் பார்ப்பதில்லை. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதுமில்லை என்று 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பாகப்பிரிவினை நடந்து முடிந்த சொத்தையும், விற்றுப்போன சொத்தையும் மட்டும் கிளற முடியாது.

கணக்கை நம் ஊர் நில அளவான குழியில் பார்ப்போம். அப்பா சம்பாதித்து வாங்கிய 8 மா நிலம், அதாவது 800 குழி. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள். ஆளுக்கு 200 குழி. அப்பாவின் தாயார் உயிரோடு இருந்தால் அவரும் சேர்ந்து ஐந்து பங்கு. அதே 800 குழி பூர்வீகச் சொத்தாக இருந்தால் கணக்கு மாறும். முதலில் அப்பாவும் மூன்று பிள்ளைகளும் ஆளுக்கு 200. பிறகு அப்பாவின் 200 குழி அம்மாவுக்கும் பிள்ளைகளுக்குமாக நாலாகப் பிரியும். பிள்ளைகளுக்குத் தலா 250, அம்மாவுக்கு வெறும் 50. மகளைத் தூக்கிவிட்ட சட்டம் அம்மாவை வரப்பிலேயே நிறுத்தியிருக்கிறது என்பது என் வருத்தம். அப்பா தான் சம்பாதித்ததை உயிலில் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், அதைத் தடுக்க முடியாது.

இவ்வளவு தெளிவாக இருந்தும் மகள் ஏன் எழுதிக் கொடுக்கிறார்? ஏமாற்றுவது ஒரு பகுதிதான். பெரும்பாலும் அவரே மனமுவந்துதான் எழுதித் தருகிறார், அந்த மனம் எப்படி உருவானது என்பதுதான் கேள்வி. எது ஆண் வேலை, எது பெண் வேலை என்று உலகைப் பிரித்துப் பார்க்கக் குழந்தை சின்ன வயதிலேயே பழகிவிடுகிறது, பிறகு அதே கண்ணால் தன்னையும் அளக்கிறது என்று அமெரிக்க உளவியலாளர் சாண்ட்ரா பெம் 1981-ல் எழுதினார். நம் ஊரில் மகன் அப்பாவோடு மடை பார்க்கப் போகிறான், "நம்ம நிலம்" என்று கேட்டு வளர்கிறான். மகள் "போற எடத்துல" என்று தொடங்கும் வாக்கியங்களைக் கேட்டு வளர்கிறாள். முப்பது வருஷம் கழித்துப் பங்கு கேட்க வாயெடுத்தால், வேறு யாரும் தடுக்கும் முன்பே அவளுக்கே கூச்சமாக இருக்கிறது. மீறிக் கேட்டால் அம்மாவே, "கூடப் பொறந்தவன்கிட்ட கணக்குப் பாக்குறியாடி?" என்பார். அண்ணன் பங்கு வாங்குவதை யாரும் கணக்குப் பார்ப்பதாகச் சொல்வதில்லை.

இதில் பேதைமை மட்டும் இல்லை, ஒரு கணக்கும் இருக்கிறது. பொங்கல் சீர், பிள்ளைக்குக் காது குத்தினால் தாய்மாமன் மடி, புருஷன் வீட்டில் பிரச்சினை என்றால் போய் நிற்க ஒரு வாசல். இவற்றுக்கான காப்பாகவே பெண்கள் நிலத்தை விடுகிறார்கள் என்று, 2005 திருத்தத்துக்காகப் பாடுபட்ட பொருளாதார அறிஞர் பீனா அகர்வால் விளக்கியிருக்கிறார். ஆனால் சீரை எந்தப் பத்திரத்திலும் எழுதுவதில்லை. அண்ணி மாறினாலோ அண்ணன் போய்ச் சேர்ந்தாலோ அது நின்றுவிடும். கல்யாணத்துக்குப் போட்ட நகையும் பங்குக்கு ஈடாகாது. அதனால் உரிமை போனதாகச் சட்டம் கருதுவதில்லை.

"நிலம் வேற குடும்பத்துக்குப் போயிடும்" என்ற பயத்துக்கும் பதில் உண்டு. பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்துள்ள பெண், பிள்ளையில்லாமல், உயிலும் எழுதாமல் இறந்தால் அது கணவருக்குப் போகாது. அப்பாவின் வாரிசுகளுக்கே திரும்பும்.

பட்டாவில் பெயர் இருப்பது வெறும் கௌரவம் இல்லை. நடவும் களையெடுப்பும் பெண்கள் கையில்தான். ஆனால் சொசைட்டியில் பயிர்க்கடன் கேட்டாலும், கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டாலும், பயிர்க் காப்பீடு கட்டினாலும் சிட்டா, அடங்கல் எடுத்துவா என்பார்கள். அதில் பெயர் உள்ளவர்தான் விவசாயி.

அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தெரிந்து கொடுங்கள். பத்திர எழுத்தரிடம் வரைவை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். முதலில் கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்தைப் பாருங்கள். ஒரு சர்வே எண் என்று பேசிவிட்டு மூன்று எண்கள் ஏறியிருக்கலாம், வீட்டு மனையும் சேர்ந்திருக்கலாம். "பிரதிபலன்" (பங்குக்கு ஈடான பணம்) என்ற இடத்தில் ஒரு தொகை இருந்தால் அது உண்மையில் கைக்கு வந்ததா? பதிவு முடிந்தால் நகல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். வேறு வழியும் உண்டு: பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டு உங்கள் பங்கைத் தனிப்பட்டாவாக்கி, அதை அண்ணனுக்கே குத்தகைக்கு விடலாம். உறவும் இருக்கும், நிலமும் இருக்கும்.

இதெல்லாம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி. கிறிஸ்தவக் குடும்பங்களில் 1925-ஆம் ஆண்டுச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமம். இஸ்லாமியர்களுக்கு ஷரியத் முறையில் மகளுக்கு மகனில் பாதி.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாகிவிட்டதா? வெள்ளைத் தாளிலோ பதிவாகாத முத்திரைத் தாளிலோ "எனக்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தது பொதுவாகச் செல்லாது; நிலத்தை விடுவிக்கும் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். பதிவான பத்திரமே ஆனாலும், ஏமாற்றி வாங்கியது என்றால் அது தெரியவந்த 3 வருஷத்துக்குள் ரத்து கேட்டு வழக்குப் போட வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்ட நீதிமன்றங்களில் சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேட்டுப் போகலாம், அல்லது 15100-க்குப் போன் செய்யலாம். போகும்போது வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, சிட்டா நகல் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.