வயிற்றுப் பிள்ளை ஏன் அடங்குகிறது?

"நிறைமாதத்தில் இடம் போதாது, குழந்தை அடங்கித்தான் இருக்கும், பயப்படாதே என்கிறார்கள். உண்மையா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

உண்மையில்லை. இவ்வளவு ஆபத்தான ஆறுதல் இன்னும் வாய்வழியாகப் பரவிக்கொண்டிருப்பது எனக்குக் கோபத்தையே தருகிறது. அசைவுகள் ஏறத்தாழ 32 வாரம் வரை கூடிக்கொண்டே வரும்; அதன்பின் பிரசவம் வரை அதே அளவில் நிற்கும். மாறுவது அசைவின் தினுசுதான். வெடுக்கென்ற உதைகள் குறைந்து, விலாவுக்கடியில் குதிகால் ஒன்று அழுத்திக்கொண்டே நகரும். வயிறு ஒரு பக்கமாகப் புடைத்துச் சாயும். குழந்தை தூங்கவும் செய்யும். ஒரு தூக்கம் பொதுவாக 20 முதல் 40 நிமிடம். 90 நிமிடத்தைத் தாண்டுவது அரிது.

அப்படியானால் அசைவு ஏன் குறைகிறது? கருவிலுள்ள குழந்தைக்கு நஞ்சுக்கொடிதான் நுரையீரல். நம் தமனி ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் 100 மி.மீ. பாதரச அளவை ஒட்டி இருக்கும்; தொப்புள்கொடி வழியே குழந்தைக்கு வருவதோ 30 மி.மீ. அளவில்தான். ஆக்சிஜனை இறுகப் பற்றும் தனி வகை ஹீமோகுளோபின் இருப்பதால் குழந்தை அதிலேயே செழிப்பாக வளர்கிறது. நஞ்சுக்கொடி தளர்ந்து அந்த வரவும் குறைந்தால், பஞ்ச காலத்துக் குடும்பம்போல் உடல் செலவைச் சுருக்குகிறது. கழுத்துத் தமனியில் உள்ள நுண்ணிய உணரிகள் குறைவைக் கண்டுகொள்கின்றன. கைகால், குடல், தோல் ஆகியவற்றுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. மூளை, இதயம், அட்ரினல் சுரப்பி மூன்றுக்கும் ரத்தம் திருப்பிவிடப்படுகிறது.

என்னை வியக்கவைப்பது இதற்கு அடுத்த படி: அசைவையும் குறைப்பது. குழந்தை சக்தியில்லாமல் துவண்டுபோய் அடங்குவதாகத்தான் நாம் நினைப்போம். ஆனால் அது அப்படியில்லை என்று ஒரு சோதனை காட்டுகிறது. கருவிலேயே குழந்தை நெஞ்சை அசைத்து மூச்சுப் பயிற்சி செய்யும். ஆக்சிஜன் குறைந்தால் அது நின்றுவிடும். ஆக்ஸ்ஃபோர்டில் ஜெஃப்ரி டாஸ் குழுவினர் ஆட்டுக் கருக்களில் மூளைத்தண்டை மேற்பகுதியில் துண்டித்துப் பார்த்தார்கள். இப்போது ஆக்சிஜன் குறைந்தும் மூச்சசைவு நிற்கவில்லை! தசைகளுக்கு வலு இருந்திருக்கிறது. மேலிருந்து வந்த 'நிறுத்து' என்ற உத்தரவுதான் அறுந்துபோயிருக்கிறது. பிறக்காத ஓர் உயிரின் மூளை இப்படிச் சிக்கனத்துக்கு ஆணையிடுகிறது என்பதை நினைக்க நினைக்க எனக்கு மெய்சிலிர்க்கிறது.

குழந்தையின் இதயத்துடிப்பை வீட்டில் வைத்துக் கேட்கும் டாப்ளர் கருவியை நம்பக்கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. உடல் கடைசிவரை காப்பாற்றப் போராடும் உறுப்புகளில் ஒன்று இதயம். அது துடிக்கிறது என்பதால் குழந்தை நலம் என்றாகிவிடாது. மருத்துவமனையில் சிடிஜி (குழந்தையின் இதயத்துடிப்பைக் காகிதத்தில் கோடாகப் பதியும் சோதனை) எடுக்கும்போது துடிப்பு ஒலிக்கிறதா என்பதோடு நிற்பதில்லை. குழந்தை அசையும்போது காகிதத்தில் இதயத்துடிப்புக் கோடு மேலேறுகிறதா என்று தேடுவார்கள்: நிமிடத்துக்கு 15 துடிப்பு கூடி, 15 விநாடியாவது நீடிக்கவேண்டும்.

எத்தனை அசைவு இருந்தால் போதும்? 1976இல் கார்டிஃப் நகர மருத்துவர்கள் அசைவுகளைப் பத்து வரை எண்ணும் முறையைக் கொண்டுவந்தார்கள். எல்லாக் குழந்தைக்கும் பொருந்தும் எண் என்று ஒன்று இன்றுவரை கிடைக்கவில்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களில், அசைவு குறித்த விழிப்புணர்வையும் அதற்கான சிகிச்சை முறையையும் சேர்த்துச் சோதித்தார்கள். 2018இல் முடிவு வெளியானது: குழந்தை இறந்து பிறப்பது குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை, சிசேரியன்கள் கூடின. தாயின் உணர்வு பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. அவள் சொன்ன பிறகு நஞ்சுக்கொடியின் நிலையைத் துல்லியமாக அறிய நம்மிடம் நல்ல வழி இல்லை என்பதே என் வாசிப்பு. ஆராய்ச்சிப் பணம் முதலில் போகவேண்டிய இடம் அது.

ஆகவே தன் குழந்தையின் வழக்கத்தைத் தாய் அறிந்திருக்கவேண்டும். அசைவு அதிலிருந்து குறைந்தால் இனிப்பு சாப்பிட்டுப் பார்ப்பது, விடியட்டும் என்று காத்திருப்பது எதுவும் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். எல்லாம் சரி என்று சொல்லி அனுப்பிய மறுநாளே மீண்டும் குறைந்தாலும், தயங்காமல் மீண்டும் போகவேண்டும்.