தேரிச் சிவப்பு சூளைக்குள் நிற்குமா?

தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துச் செம்மணல் மேடுகளுக்குத் தேரி என்று பெயர். குதிரைமொழித் தேரியையோ இட்டமொழித் தேரியையோ பார்த்தவர்களுக்கு அந்தச் சிவப்பு மறக்காது. அதை எனாமல் ஓவியத்தில் கொண்டுவர விரும்புகிறவருக்கு முதலில் தோன்றுவது, தேரி மணலையே அள்ளிவந்து தகட்டில் தூவிச் சுட்டுவிடலாம் என்பதுதான். அது சரிப்படாது. ஏன் என்று பார்ப்போம்.

கடையில் டப்பாவில் விற்கும் எனாமல் பெயின்ட் வேறு. அது பிசின் கலவை. ஓவியர் சொல்லும் எனாமல், உலோகத்தின் மேல் உருக்கிப் படியவைத்த கண்ணாடி. நீல விளிம்பு போட்ட பழைய வெள்ளை டம்ளரில் இருப்பதும் அதுவே. கண்ணாடிக்கு மூலம் மணலில் உள்ள சிலிக்கா. அது தனியாக உருக 1700 டிகிரி செல்சியஸ் வேண்டும். செம்போ 1085 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால் வெண்காரம், சோடா போன்றவற்றைச் சேர்த்து 750 முதல் 850 டிகிரிக்குள் உருகும் கண்ணாடியைச் செய்து, பொடியாக்கிக்கொள்கிறார்கள். புளியும் உப்பும் போட்டு விளக்கிய செம்புத் தகட்டில் அதைச் சலித்துத் தூவி, மின்சூளையில் இரண்டு மூன்று நிமிடம் வைத்தால் பொடி பளபளவென்று படிந்துவிடும்.

ஆறும்போதுதான் ஆபத்து. 100 டிகிரி ஆறினால் ஒரு மீட்டர் செம்பு சுமார் 1.7 மில்லிமீட்டர் சுருங்கும். ஜன்னல் கண்ணாடி 0.9 மட்டுமே. இரண்டையும் அப்படியே ஒட்டினால் தெறித்துவிடும். சோடாவையும் பொட்டாஷையும் கூட்டினால் கண்ணாடியின் சுருக்கம் செம்பை நெருங்கும். ஆனாலும் ஒரு படி குறைவாகவே வைப்பார்கள். செம்பு கூடுதலாகச் சுருங்கிக் கண்ணாடியை அமுக்கிப் பிடிக்கும். அமுக்கினால் கண்ணாடி தாங்கும், இழுத்தால்தான் உடையும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் தகடு வளைந்துகொள்ளும் என்பதால் பின்பக்கத்திலும் ஒரு பூச்சு உண்டு. யார் கண்ணிலும் படாத அந்தப் பூச்சுதான் ஓவியத்தைக் காப்பாற்றுகிறது.

நிறங்கள் பெரும்பாலும் உலோக ஆக்சைடுகளிலிருந்து வருகின்றன. மணப்பாட்டுக் கடலின் பச்சைநீலத்துக்குச் செம்பு, பிசானப் பருவ நெல் நடவு முடிந்த அம்பாசமுத்திரத்து வயலுக்குக் குரோமியம், வெள்ளைக்கு வெள்ளீயம், நீலத்துக்குக் கோபால்ட். எனக்கு மிகவும் பிடித்தது பொதிகையைச் செய்யும் விதம். தூரத்து மலை வெளிறிய நீலமாகத் தெரிவதற்குக் காரணம், நமக்கும் அதற்கும் நடுவிலுள்ள காற்று நீல ஒளியை அதிகம் சிதறடிப்பது. எனாமலில் தூரத்து மலைக்கு வெள்ளையின் மேல் ஒரே ஒரு மெல்லிய கோபால்ட் படலம். கிட்ட வரவர ஒவ்வொரு படலமாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் சுட வேண்டும். ஒளி அந்தப் படலங்களுக்குள் போய்த் திரும்பி வருவதால் கிடைக்கும் ஆழம் சாதாரண வண்ணத்தில் வராது.

இப்போது சிவப்புக்கு வருவோம். தேரி மணல் என்பது குவார்ட்ஸ், அதாவது படிகமான சிலிக்காவின் துகள்; அதன் மேல் ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடு மெல்லிய தோலாகப் படிந்திருக்கிறது. தோல் திடமாக இருக்கும்வரை சிவப்பு. உருகிய கண்ணாடியில் இரும்பு கரைந்துவிட்டால் தேன் நிறமோ பழுப்போதான் மிஞ்சும். மணல் துகளும் வம்பு செய்யும்: 573 டிகிரியில் குவார்ட்ஸின் படிக அமைப்பு மாறுவதால், ஆறும்போது அது சட்டென்று சுருங்கும், சுற்றியுள்ள கண்ணாடியில் நுண்ணிய விரிசல் விழும். எனாமலில் வழக்கமாகச் சிவப்பு தருவது தங்கமோ, காட்மியமும் செலினியமும் சேர்ந்த கலவையோதான். காட்மியச் சிவப்பு சூடு கூடினால் கருத்துவிடும். ஜெய்ப்பூரில் மீனாகாரி என்னும் எனாமல் வேலை செய்யும் கலைஞர்கள் அதிகச் சூடு தாங்கும் நிறங்களை முதலில் சுட்டு, சிவப்பைக் கடைசிக்கு வைப்பது, அது அதிகச் சூடு தாங்காது என்பதால்தான்.

பல வகைப் பொருட்களை ஒரே ஓவியத்தில் சேர்க்கும் கலப்பு ஊடகம் கைகொடுப்பது இந்த இடத்தில். கடல், மலை, வயல் எல்லாம் சூளையில் சுட்ட கண்ணாடியாக இருக்கட்டும். தேரிக்கு மட்டும் தகட்டில் இடம் விட்டுவைத்து, எல்லாச் சூடும் முடிந்தபின் மணலை அக்ரிலிக் பசையில் குழைத்து அப்பலாம். பனையோலைக் கீற்றையும் அப்போதே ஒட்டலாம். சூடு படாததால் ஹெமடைட் அப்படியே இருக்கும். மணலை மட்டும் முதலில் நல்ல தண்ணீரில் அலசி உப்பை நீக்கிவிட வேண்டும். இல்லையென்றால் உப்பு ஈரத்தை இழுத்து, செம்பில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும்.