50 வயதுக்கு மேல் பிஎஸ்ஏ பரிசோதனை: பிரிட்டனில் நீங்களே கேட்க வேண்டும்

இங்கிலாந்தில் 50 வயதானால் குடல் புற்றுநோய்ச் சோதனைப் பொதி தபாலில் வீடு தேடி வருகிறது. ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புரோஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய்க்கு அப்படி எதுவும் வராது. அறிகுறி இல்லாதவரிடம் ஜிபியும் (குடும்ப மருத்துவர்) தாமாகப் பேச்செடுக்க மாட்டார். ஆனால் 50 வயது நிரம்பிய ஆண் யார் கேட்டாலும், நன்மை தீமைகளை விளக்கிய பின் புரோஸ்டேட் சுரக்கும் புரதத்தை அளக்கும் பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனையை அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் இலவசமாகச் செய்யும். ஏற்பாட்டின் பெயர் 'புரோஸ்டேட் கேன்சர் ரிஸ்க் மேனேஜ்மென்ட் புரோகிராம்'. "அறிகுறி இல்லையே, எதற்கு?" என்று கிளினிக்கில் தயங்கினால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

ஆங்கிலம் தடுமாறும் அப்பாமாருக்கு, நேரம் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். அதற்கும் கட்டணமில்லை. மகளையோ மருமகளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு விந்து பற்றிய கேள்விக்கு எந்த அப்பா உண்மை சொல்வார்? அந்தப் பதில் சோதனைக்கு முக்கியம். இரத்தம் கொடுப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் விந்து வெளியேறியிருந்தாலோ, சைக்கிள் போன்ற கடும் உடற்பயிற்சி செய்திருந்தாலோ பிஎஸ்ஏ கூடிக் காட்டலாம். சிறுநீர்த் தொற்றோ புரோஸ்டேட் பயாப்ஸியோ (திசுத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) இருந்திருந்தால் 6 வாரம் பொறுக்க வேண்டும்.

இதைவிட ஆபத்தானது அளவைக் குறைத்துக் காட்டும் மருந்து. வீங்கிய புரோஸ்டேட்டுக்கும் முடி கொட்டுவதற்கும் கொடுக்கும் பினாஸ்டெரைடு, சில மாதங்களில் பிஎஸ்ஏயை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். முடிக்காக ஆன்லைனில் வாங்கிய மாத்திரை ஜிபியின் பதிவில் இருக்காது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அறிகுறி இல்லாத 50 முதல் 69 வயதினருக்கு பிஎஸ்ஏ அளவு 3 (ng/ml) அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கே பொதுவாக முதலில் எம்ஆர்ஐ ஸ்கேன். சந்தேகம் இருந்தால்தான் பயாப்ஸி. அளவு கூடிய நால்வரில் மூவருக்குப் புற்றுநோய் இராது. அளவு சரியாக இருக்கும் ஏழு பேரில் ஒருவருக்கு இருக்கவும் கூடும். ஆகவே "நார்மல்" என்ற சொல்லோடு திரும்பாமல் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த முறை ஒப்பிட உதவும்.

தகப்பனுக்கோ சகோதரனுக்கோ இந்நோய் வந்திருந்தால் 50 வரை காத்திராமல் ஜிபியிடம் பேசுங்கள். 50க்கு முன் சோதனை செய்வதா என்பது ஜிபியின் தீர்மானம். சிறுநீரில் இரத்தம் கண்டால் இந்த ஏற்பாடும் வயதுக் கணக்கும் பொருந்தாது. உடனே ஜிபியை அழையுங்கள்.