பிணவறை வாசலில் நீட்டப்படும் காகிதம்

அரசு மருத்துவமனைப் பிணவறைக்கு எதிரே இருந்த வேப்பமரத்தடியில்தான் அந்தக் குடும்பத்தை முதலில் பார்த்தேன். முந்தின நாள் ராத்திரி "சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடுறோம்" என்று தம்பியை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். காலையில் நெஞ்சுவலி என்று தகவல். நான் போனபோது ஏட்டு ஒருவர் அக்காவிடம் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தார். "கையெழுத்துப் போட்டா பாடியை வாங்கிட்டுப் போயிடலாம்மா, இருட்டுறதுக்குள்ள எடுத்திரலாம்." காகிதத்தின் கடைசி வரி: 'மரணத்தில் சந்தேகம் இல்லை.'

வழக்கறிஞராக நான் பார்த்தவரை, லாக்கப் மரண வழக்குகள் கோர்ட்டுக்கு வருவதற்கு முன்பே, பிணவறைக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் செத்துவிடுகின்றன.

காவலில் ஒருவர் இறந்தால் நீதித்துறை நடுவர், அதாவது மாஜிஸ்திரேட், விசாரித்தே ஆக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 176(1ஏ), இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 196-வது பிரிவு. முடிந்தவரை உறவினர்களுக்குத் தகவல் சொல்லி, விசாரணையின்போது உடனிருக்க விட வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. "ஆர்டிஓ விசாரிக்கிறாரே, அப்புறம் என்ன?" என்பார்கள். ஆர்டிஓ வருவாய்க் கோட்டாட்சியர், நீதித்துறை நடுவர் அல்ல. அது போதாது.

அடுத்தது உடற்கூராய்வு. இதற்கென்று 2020 டிசம்பரில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை வழிமுறைகள் வகுத்திருக்கிறது. ஆய்வுக்கு முன் குடும்பத்தார் உடலைப் பார்க்கலாம். எல்லாம் வீடியோவில் பதிவாக வேண்டும். உயர் நீதிமன்றத்துக்குப் போகப்போகிறோம் என்று எழுதிக் கொடுத்தால் 48 மணி நேரமாவது உடலைப் பிணவறையில் வைத்திருக்க வேண்டும்.

உடலைப் பார்ப்பது என்றால் முகத்தைப் பார்த்து அழுதுவிட்டு வருவதல்ல. அன்று உள்ளே போனபோது கழுத்துவரை வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. துணியை எடுக்கச் சொன்னோம். உள்ளங்கால் இரண்டும் கருநீலமாக வீங்கியிருந்தன. திருப்பிப் போட்டால் பின்தொடையில் குறுக்குக் குறுக்காகக் கோடுகள். அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து, அக்காவே தன் செல்போனில் படம் எடுத்தார். கை நடுங்கியதில் முதல் நாலைந்து படங்கள் கலங்கிவிட்டன. மறுபடி எடுத்தார்.

சிசிடிவி பதிவை அழிக்கக் கூடாது என்று அன்றைக்கே மனு கொடுங்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்த பிறகு நடுவர் அந்த ஸ்டேஷனுக்குப் போனார். ஹார்டு டிஸ்க்கில் இடம் இருந்தும், பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள். ஒரு பெண் தலைமைக் காவலர் துணிந்து சாட்சி சொன்னதால் அங்கே வழக்கு நிலைத்து நின்றது. எல்லா ஊரிலும் அப்படி ஒருவர் கிடைக்கமாட்டார். பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் சொன்னது. கேமரா ரிப்பேர் என்ற பதில் இன்றும் வருகிறது.

இன்னொன்று, எரிக்காதீர்கள், புதையுங்கள். வழக்கமில்லை என்று பெரியவர்கள் சண்டைக்கு வருவார்கள். எரித்துவிட்டால் மறு ஆய்வுக்கு எதுவும் மிஞ்சாது.

நஷ்டஈடு வாங்கினால் கேஸ் போய்விடும் என்ற பயமும் தேவையில்லை. ஒடிசாவில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, 1993-ல் உச்ச நீதிமன்றம் ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. குற்ற வழக்கு தனி என்றும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஸ்டேஷன் ஆட்கள் ராத்திரியில் கொண்டுவரும் பணம் வேறு. அதைத் தொடாதீர்கள்.

வேப்பமரத்தடிக்குத் திரும்பியதும் அக்கா அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கினார். கடைசி வரியில் 'இல்லை' என்பதை அடித்து, 'உள்ளது' என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.